சமூக ஓவியக் கண்காட்சியில் நடுவர்கள் எதைப் பார்த்துப் படங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

கேள்வி சுருக்கமாக இது: "எங்கள் பகுதிக் கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சிக்கு மூன்று ஓவியங்கள் அனுப்பினேன். வாரக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த உருவப்படத்தைத் திருப்பிவிட்டார்கள். ஒரே மதியத்தில் போட்ட சின்ன நீர்வண்ணப் படத்தை எடுத்துக்கொண்டார்கள். போய்ப் பார்த்தால், கைத்திறனில் என் உருவப்படத்துக்குக் கிட்டேகூட வராத படங்கள் சுவரில் தொங்குகின்றன. நடுவர்கள் எதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்? அடுத்த முறை நான் என்ன மாற்ற வேண்டும்?"

நடுவரைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணம் பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறது. ஒவ்வொரு படத்தையும் விடைத்தாளாக எடுத்துக்கொண்டு, கோட்டுக்கு இத்தனை, வண்ணத்துக்கு இத்தனை என்று போட்டுக் கூட்டி, தேறியவர்களை உள்ளே விடுகிறார் என்று நினைக்கிறோம். மதிப்பெண் தாள் என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் அவர் செய்யும் வேலை வேறு. 300 படங்கள் வந்திருக்கின்றன, சுவரில் 60 படங்களுக்கு இடம் இருக்கிறது என்று வையுங்கள். அந்தக் குவியலிலிருந்து, சேர்த்துத் தொங்கவிட்டால் பார்க்கும்படி இருக்கும் 60 படங்களைப் பொறுக்கி, ஒரு கண்காட்சியை உருவாக்க வேண்டும். இதில் தேர்ச்சி மதிப்பெண் என்பதே கிடையாது. 100 நல்ல படங்கள் வந்த ஆண்டில் 40 நல்ல படங்கள் வீடு திரும்பும். 30தான் வந்தது என்றால் சுமாரான 30 படங்கள் சுவரேறும். உங்கள் படம் திரும்பி வந்தது என்றால், அந்த ஆண்டின் குவியலில், அந்த நடுவரின் கண்ணுக்கு, முதல் 60-இல் அது வரவில்லை என்றுதான் பொருள். அதற்கு மேல் அதிலிருந்து எதையும் படிக்க முடியாது.

நான் இப்படிப்பட்ட கண்காட்சிகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன், படம் அனுப்பித் திரும்ப வாங்கியும் வந்திருக்கிறேன். உள்ளே நடப்பதை உள்ளபடி சொல்கிறேன்.

இப்போதெல்லாம் முதல் சுற்று பெரும்பாலும் திரையில்தான். நடுவர் தன் வீட்டில், கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறார். மதிப்பெண் போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒருமுறை சும்மா ஓடவிட்டுப் பார்ப்பவர்தான் நல்ல நடுவர். குவியலின் தரம் என்ன, எந்தப் பொருளில் எத்தனை படம் வந்திருக்கிறது என்று பிடிபடாமல் முதல் படத்துக்கு 7 போடுவதா 5 போடுவதா என்று எப்படித் தெரியும்? இந்த ஓட்டத்தில் ஒரு படத்துக்குக் கிடைப்பது சில நொடிகள். கேட்டால் கோபம் வரும். ஆனால் கண்காட்சிக்கு வருகிறவர்கள் சுவரில் இருக்கும் படத்துக்குத் தருவதும் அதே சில நொடிகள்தான்.

அந்தச் சில நொடிகளில் பலர் தோற்பது ஓவியத்தால் அல்ல, ஓவியத்தை எடுத்த போட்டோவால். கண்ணாடி போட்ட சட்டத்தோடு படமெடுத்து அனுப்புவார்கள். நீல வானத்துக்கு நடுவே மொபைலைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளின் பிரதிபலிப்பு நிற்கும். தரையில் வைத்துச் சாய்வாக எடுத்ததில் செவ்வகப் படம் ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் விரிந்திருக்கும். ஓரத்தில் பாயும் கால் கட்டைவிரலும் தெரியும். மஞ்சள் விளக்கில் எடுத்ததில் வெள்ளைத் தாள் எல்லாம் காவியேறியிருக்கும். இதையெல்லாம் கழித்துவிட்டு ஓவியத்தை மட்டும் பார்க்க நடுவர் முயற்சி செய்வார். ஆனால் பக்கத்திலேயே சுத்தமாக எடுத்த படங்கள் நிற்கும்போது அந்த முயற்சி எவ்வளவு தூரம் போகும்? பகல் வெளிச்சத்தில், நேரடி வெயில் படாத இடத்தில், கண்ணாடி இல்லாமல், கேமராவைப் படத்தின் நடுமையத்துக்கு நேராக வைத்து எடுத்து, ஓரங்களைச் சரியாக வெட்டி அனுப்புங்கள். செலவில்லாத விஷயம், ஆனால் நான் சொல்லப்போகும் மற்ற எதையும்விட இதற்குப் பலன் அதிகம்.

திரை இன்னொன்றும் செய்கிறது. அளவை அழித்துவிடுகிறது. கையளவு நீர்வண்ணமும் ஆளுயரக் கேன்வாஸும் ஒரே கட்டத்தில், ஒரே அளவில் நிற்கின்றன. பெரிய படத்தின் பலமே அதன் அளவு என்றால் அந்தப் பலம் போய்விட்டது. நெருங்கிப் பார்த்தால்தான் தெரியும் தூரிகைத் தடம், தாளின் சொரசொரப்பு, அடுக்கடுக்காக ஏற்றிய வண்ணம் எல்லாம் தட்டையாகிவிடும். தூரத்திலிருந்தே படிக்கக்கூடிய அமைப்பு, அதாவது இருட்டும் வெளிச்சமும் தெளிவாகப் பிரிந்து நிற்கும் படம், திரையில் எப்போதும் ஒரு படி முன்னால் இருக்கும். உங்கள் சின்னப் படம் தப்பித்ததில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

முதல் ஓட்டத்தின் முடிவில் மூன்று குவியல்கள் இருக்கும்: வேண்டும், வேண்டாம், பார்க்கலாம். முதல் இரண்டும் சின்னவை, சண்டையில்லாதவை. மூன்று நடுவர்களைத் தனித்தனியாக உட்கார வைத்தாலும் 'வேண்டும்' குவியலில் பெரும்பகுதி ஒத்துப்போகும். 'பார்க்கலாம்' குவியல்தான் பெரிது. உண்மையான தேர்வு நடப்பதும் இங்கேதான். இங்கே எல்லாப் படங்களும் ஓரளவு நன்றாக இருக்கின்றன. அதனால் 'தப்பு எங்கே' என்று தேடும் கண் இங்கே உதவாது. யாராவது ஒரு நடுவர் வாயைத் திறந்து 'இது உள்ளே வர வேண்டும்' என்று சொல்ல வைக்கும் ஏதோ ஒன்று படத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதற்கு நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கரித்துண்டில் வரைந்த சின்னப் படம். மருத்துவமனை நடைபாதை போன்ற இடம், ஒரு பெஞ்சு, அதற்கடியில் ஒரு ஜோடிச் செருப்பு. ஆள் இல்லை. நடுவர்கள் மூன்று பேரில் ஒருவர் 'இல்லை' என்று போட்டிருந்தார். காரணத்தையும் சொன்னார்: பெஞ்சின் பின்கால் தரையில் ஊன்றவே இல்லை, பெர்ஸ்பெக்டிவ், அதாவது தட்டைத் தாளில் தூரத்தையும் ஆழத்தையும் காட்டும் கணக்கு, தப்பு. உண்மைதான், கால் அந்தரத்தில் நின்றது. இன்னொருவர் தன் இடத்திலிருந்து எழுந்துபோய்ப் படத்தைக் கையில் எடுத்து, அறையின் மறுகோடியில் சுவரோரமாக வைத்துவிட்டு வந்தார். ஒன்றும் பேசவில்லை. அங்கிருந்து பார்த்தால் தெரிந்தது இரண்டே விஷயம்: மேலிருந்து சரிந்து விழும் வெளிச்சம், அந்த வெளிச்சத்தின் விளிம்பில் சற்றே உள்நோக்கித் திரும்பிக் கிடக்கும் செருப்பு. வலது இடது மாறிக் கிடந்தது. அவசரமாகக் கழற்றிவிட்டுப் போன செருப்பு. 'இல்லை' போட்டவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கால் தப்புதான். ஆனால் செருப்பைப் பார்த்தபிறகு காலை யார் பார்க்கப்போகிறார்கள்" என்றார். படம் உள்ளே போனது. அதே குவியலில் கால்கள் எல்லாம் சரியாக ஊன்றிய நாற்காலி மேசைப் படங்கள் பல இருந்தன. அவற்றுக்காக யாரும் எழுந்து நடக்கவில்லை.

சரி, உங்கள் உருவப்படத்துக்கு வருவோம். அதை நான் பார்த்ததில்லை. ஆனால் திரும்பிப் போகும் உருவப்படங்களில் அடிக்கடி காண்பதைச் சொல்ல முடியும். போட்டோவிலிருந்து வரைந்தது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். பக்கத்தில் வைத்து மொபைலில் எடுத்த முகத்தில் மூக்கு கொஞ்சம் பெரிதாகி, காதுகள் பின்னால் ஒதுங்கிவிடும். வரைகிறவர் அதை அப்படியே அளந்து வரைந்திருப்பார். நிழலெல்லாம் ஒரே கறுப்பாக இருக்கும். நேரில் பார்த்தால் தாடையின் அடிநிழலில் சட்டையின் நிறம் கொஞ்சம் ஏறியிருக்கும், கழுத்தின் வெதுவெதுப்பு தெரியும். போட்டோ அதையெல்லாம் விழுங்கிவிடும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படம் என்றால் இரண்டு விழிகளிலும் நட்ட நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக, நெற்றியோரத்திலும் சரி உச்சியிலும் சரி, ஒரே கூர்மையில் இருக்கும். பின்னணி தெரியாமல் ஏதோ ஒரு நிறத்தைத் தேய்த்திருப்பதால் தலை வெட்டி ஒட்டியதுபோல நிற்கும்.

இதில் உழைப்பு இருக்கிறது, சந்தேகமே இல்லை. நடுவர்களும் அதைச் சொல்வார்கள்: "நல்ல உழைப்பு." அப்படிச் சொன்னார்கள் என்றால் படம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம்! உழைப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் பரவியிருக்கும்போது கண்ணுக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. எது முக்கியம், எது சும்மா இருக்கலாம் என்று வரைந்தவர் முடிவெடுத்திருக்கிறாரா என்றுதான் நடுவர் பார்க்கிறார். ஒரே மதியத்தில் போட்ட நீர்வண்ணத்தில் அந்த முடிவை எடுத்தே ஆக வேண்டும். ஈரம் காய்வதற்குள் எங்கே தாளின் வெள்ளையை விடுவது, எந்த விளிம்பைக் கரையவிடுவது, எப்போது தூரிகையைக் கீழே வைப்பது என்று தீர்மானித்தாக வேண்டும். வாரக்கணக்கில் வரையும்போது அந்த நெருக்கடி இல்லை. அதனால்தான் ஒரே ஆளின் கையிலிருந்து வந்த இரண்டு படங்களில் சின்னது ஜெயிப்பது நடுவர்களுக்குப் பழகிப்போன காட்சி.

போட்டோவைப் பார்த்து வரைவதில் தவறொன்றுமில்லை. அது இன்னொருவர் எடுத்த போட்டோ என்றால்தான் சிக்கல். இணையத்தில் கிடைத்த படத்தைப் பார்த்து வரைந்ததை நடுவர் எளிதில் கண்டுபிடிப்பார், ஏனென்றால் அதே படத்தைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வரைந்து அனுப்பியிருப்பார்கள். வகுப்பில் வரைந்ததும் அப்படியே. ஒரே நீல ஜாடி, ஒரே மடித்த துணி, ஒரே மூன்று எலுமிச்சை. கோணம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஐந்து படங்களில் வரும். யார் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தார்கள் என்று வரைபடமே போட்டுவிடலாம். ஆசிரியரின் மேற்பார்வையில் வரைந்தவை கூடாது என்று பல கண்காட்சிகள் விதி வைத்திருப்பது இதனால்தான்.

இப்போது மதிப்பெண் தாளுக்கு வருகிறேன். உங்களைப் போன்றவர்களின் மனக்குறைக்குப் பாதிக் காரணம் நடுவரின் ரசனை அல்ல, கூட்டல் கணக்கு. ஆனால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மூன்று நடுவர்கள், ஆளுக்குப் பத்து மதிப்பெண். முதல் படத்துக்கு 6, 6, 6. மொத்தம் 18. இரண்டாவது படத்துக்கு 9, 7, 1. மொத்தம் 17. முதல் படம் உள்ளே, இரண்டாவது வெளியே. ஆனால் கவனியுங்கள்: மூன்றில் இரண்டு பேர் இரண்டாவது படம்தான் மேல் என்கிறார்கள். ஒருவருக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. ஒரே ஒருவர் 1 போட்டதால் அது விழுந்துவிட்டது. முதல் படத்துக்காக யாரும் வாதாடவில்லை. யாருக்கும் அது தொந்தரவும் தரவில்லை. சராசரி என்பது இப்படித்தான் வேலை செய்யும். யாருக்கும் உறுத்தாததை மேலே தூக்கும், சிலரைக் கவர்ந்து சிலரை முகம் சுளிக்க வைப்பதைக் கீழே தள்ளும். கண்காட்சி முழுக்க மங்கலான தோட்டங்களும் சாந்தமான படகுகளுமாக இருப்பதைப் பார்த்து 'நடுவர்களுக்கு ரசனையே இல்லை' என்று சொல்கிறோமே, பல நேரம் நடுவர்களுக்கு ரசனை இருந்தது, கூட்டல்தான் அதை அழித்தது.

சராசரி ரசனை எப்படி இருக்கும் என்று படமாகவே வரைந்து காட்டியவர்கள் உண்டு. விட்டாலி கோமர், அலெக்சாந்தர் மெலமித் என்ற இரு ஓவியர்கள் 1990-களில் அமெரிக்க மக்களிடம் முறையாகக் கருத்துக்கணிப்பு நடத்தி, எந்த நிறம் பிடிக்கும், என்ன காட்சி பிடிக்கும் என்று கேட்டு, பதில்களை வைத்து ஓர் ஓவியம் வரைந்தார்கள். நீல வானம், ஏரி, மலை, மான்கள், ஒரு குடும்பம், ஜார்ஜ் வாஷிங்டன், கூடவே ஒரு நீர்யானை. ஒவ்வொன்றும் மக்கள் சொன்ன பதில்களிலிருந்து வந்ததுதான். மொத்தமாகப் பார்த்தால் யாரும் கேட்காத படம்.

விஷயம் தெரிந்த அமைப்பாளர்கள் இதைச் சமாளிக்கச் சில வழிகள் வைத்திருக்கிறார்கள். 1 முதல் 4 வரை மட்டும் மதிப்பெண். நடு எண் இல்லாததால் மதில்மேல் உட்கார முடியாது. மதிப்பெண்கள் வெகுதூரம் விலகியிருக்கும் படங்களைத் தனியே எடுத்து வைத்து, மூவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச வைப்பார்கள். மேலே சொன்ன செருப்புப் படம் அப்படித்தான் பிழைத்தது. இன்னும் சில இடங்களில் ஒவ்வொரு நடுவரும் தனக்குப் பிடித்த ஓரிரு படங்களை மற்றவர் சம்மதம் இல்லாமலேயே உள்ளே கொண்டுவரலாம். எனக்கு இந்த முறைதான் மிகவும் பிடிக்கும். ஒரே நடுவர் தேர்ந்தெடுக்கும் கண்காட்சிகளும் நிறைய. அங்கே கூட்டல் பிரச்சினை கிடையாது, ஆனால் எல்லாம் அவர் ரசனை. அவர் யார் என்பதை முன்கூட்டியே அறிவித்திருந்தால், அவருடைய வேலைகளைப் பார்த்துவிட்டு எந்தப் படத்தை அனுப்புவது என்று தீர்மானிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் பாணியில் வரைந்து அனுப்புவதுதான் வெட்கம். தன் பாணியின் பலவீனமான நகலை அவரைவிட வேகமாக யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

வரிசையும் களைப்பும் தேர்வைப் பாதிக்கும். யூரோவிஷன் பாட்டுப் போட்டியிலும் பனித்தளச் சறுக்கு நடனப் போட்டிகளிலும் நடுவர்கள் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தபோது, பின்னால் வந்தவர்களுக்குச் சற்று அதிகமாகவே கிடைத்திருந்தது. ஓவியத்தில் திரும்பப் போய்ப் பார்க்க முடியும் என்பதால் பாதிப்பு கொஞ்சம் குறையும், நடுவர் உண்மையில் திரும்பப் போய்ப் பார்த்தால். ஒவ்வொரு நடுவருக்கும் வெவ்வேறு வரிசையில் படங்களைக் கொடுத்தால் பாதி தீர்ந்துவிடும்.

அப்புறம் சுவர். தேர்வு முடிவாகும் நேரத்தில் நடுவரும் அமைப்பாளரும் படங்களைச் சுவரோரமாகத் தரையில் சாய்த்து வைத்துப் பார்ப்பார்கள். கண்மட்டத்தில், படத்தின் மையம் தரையிலிருந்து சுமார் 145 முதல் 152 சென்டிமீட்டர் உயரத்தில் வரும்படி ஒரே வரிசையில் மாட்டுவதுதான் இன்றைய வழக்கம். அதனால் சுவரின் நீளம்தான் எத்தனை படம் என்பதைத் தீர்மானிக்கிறது. அகலமான ஒரே படம் மூன்று சின்னப் படங்களின் இடத்தை எடுத்துக்கொள்ளும். அந்த மூன்றைவிட அது பிரமாதமாக இருந்தால்தான் இடம் கிடைக்கும். இரண்டு சூரிய அஸ்தமனங்கள் சமமாக இருந்தால் ஒன்று போகும். இருபது பூப்படங்கள் வந்த ஆண்டில் இருபத்தொன்றாவது பூவுக்குக் கஷ்டம். அடுத்த ஆண்டு அதே பூவை வரவேற்பார்கள்.

பக்கத்துப் படம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓவிய உலகில் பேர்போன கதை ஒன்று உண்டு. 1832-இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் டர்னரின் சாம்பல் நிறக் கடல் காட்சி ஒன்று, கான்ஸ்டபிளின் வாட்டர்லூ பாலத் திறப்புவிழா ஓவியத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. கான்ஸ்டபிள் படத்தில் சிவப்பும் பொன்னுமாக ஒரே கோலாகலம். கண்காட்சி திறப்பதற்கு முன் ஓவியர்கள் வந்து கடைசித் திருத்தம் செய்யலாம் என்ற நாட்களில் டர்னர் வந்து பார்த்தார், தன் கடலின் நடுவே சின்னதாகச் சிவப்பு வண்ணத்தை அப்பிவிட்டுப் போய்விட்டார். பிறகு வந்து அதை ஒரு மிதவையாக மாற்றினார். பக்கத்துப் படத்தின் சிவப்பெல்லாம் சோர்ந்துவிட்டது. நமக்கு அந்த வசதி கிடையாது. நம் பக்கத்தில் யார் தொங்கப்போகிறார்கள் என்று படம் அனுப்பும்போது தெரியாது. நடுவருக்குத் தெரியும், அதை மனதில் வைத்துத்தான் அவர் பொறுக்குகிறார்.

பெயரை மறைத்துவிட்டுத் தேர்ந்தெடுப்பது நல்ல வழக்கம். 1947-இல் வின்ஸ்டன் சர்ச்சில் 'டேவிட் விண்டர்' என்ற பெயரில் ராயல் அகாடமிக்கு இரண்டு ஓவியங்கள் அனுப்பினார், இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். தன் பெயருக்காக எடுத்தார்களோ என்ற சந்தேகம் அவருக்கு இருக்கத் தேவையில்லாமல் போயிற்று. ஆனால் சின்னக் கலைச் சங்கத்தில் பெயரை மறைப்பது பாதி நாடகம்தான். எல்லோருக்கும் எல்லோருடைய கைவண்ணமும் தெரியும். இன்னாருடைய ஊதா நிழல், இன்னாருடைய குதிரை என்று பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள். அதனால்தான் வெளியிலிருந்து நடுவரைக் கூப்பிடுகிறார்கள். தன் மாணவரின் படம் வந்தால் அந்தப் படத்துக்கு மட்டும் ஒதுங்கிக்கொள்வதே முறை. ஒதுங்காத இடங்களும் உண்டு, அதை மறைப்பானேன்.

கேட்கத் தோன்றும்: இவ்வளவு குறை இருக்கிறதே, நடுவரே இல்லாமல் நடத்தினால் என்ன? நடத்திப் பார்த்திருக்கிறார்கள். 1863-இல் பிரான்ஸ் அரசு நடத்திய பாரீஸ் சலோன் கண்காட்சிக்கு வந்த ஐயாயிரத்தை ஒட்டிய படைப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை நடுவர்குழு நிராகரிக்க, ஓவியர்கள் போட்ட கூச்சலில் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் நிராகரித்தவற்றுக்கென்றே தனிக் கண்காட்சி வைக்கச் சொன்னார். மனேயின் 'புல்வெளியில் மதிய உணவு', விஸ்லரின் வெள்ளை உடைப் பெண் இரண்டும் அங்கேதான் தொங்கின. கூட்டம் அலைமோதியது, சிரிப்பதற்கு. அதாவது நடுவர்குழு ஒதுக்கியதை மக்களும் ஒதுக்கினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1884-இல் சொரா, சின்யாக் போன்றோர் 'நடுவரும் இல்லை, பரிசும் இல்லை' என்ற கொள்கையோடு சுயேச்சை ஓவியர்களின் கண்காட்சியைத் தொடங்கினார்கள். 1917-இல் நியூயார்க்கில் அதே மாதிரி: மொத்தம் 6 டாலர் கட்டினால் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். ரசனை குறுக்கே வரக்கூடாது என்பதற்காகப் படங்களை ஓவியர் பெயரின் அகரவரிசையில் மாட்டினார்கள், அதுவும் சீட்டுக் குலுக்கி எடுத்த எழுத்திலிருந்து. அங்கேதான் மார்செல் துஷாம்ப் 'ஆர். மட்' என்ற புனைபெயரில் கையெழுத்திட்டு, ஆண்கள் கழிப்பறையில் பொருத்தும் சிறுநீர்க் கிண்ணத்தை அனுப்பினார். நடுவரே இல்லாத கண்காட்சி அவசரமாகக் கூடி வாக்கெடுத்து அதை வெளியே வைத்தது. நடுவரை வாசல் வழியாக அனுப்பினால் ஜன்னல் வழியாக வந்துவிடுவார்.

நுழைவுப் படிவத்தில் ஏமாறுகிறவர்களும் நிறைய. ராயல் அகாடமியில் 2006-இல் டேவிட் ஹென்சல் என்ற சிற்பி, சிரிக்கும் தலை ஒன்றை அதன் கல் பீடத்தோடு அனுப்பினார். வழியில் இரண்டும் பிரிந்து, தனித்தனிப் படைப்புகளாகக் கருதப்பட்டன. தலையை நிராகரித்துவிட்டு, பீடத்தையும் அதன்மேல் இருந்த எலும்பு போன்ற சின்ன மரத்தாங்கியையும் காட்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். பல பகுதிகள் உள்ள படைப்பு என்றால் ஒவ்வொன்றிலும் 'மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு' என்று எழுதி, சேர்த்து வைத்த போட்டோவையும் ஒட்டுங்கள். ஓவியத்துக்குப் பின்னால் இரண்டு வளையங்கள், இழுத்துக் கட்டிய கம்பி. கம்பி தொய்ந்து சட்டத்துக்கு மேலே தெரிந்தாலோ, வண்ணம் காயாமல் பொதிந்த பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டாலோ, திரையில் தேர்வான படத்தையும் நேரில் திருப்பிவிடுவார்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்பார்கள். 2022-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு உருவாக்கிய படம் டிஜிட்டல் பிரிவில் முதல் பரிசு வாங்கியது. அனுப்பியவர் படிவத்தில் மிட்ஜர்னி என்று எழுதியே இருந்தார். அது என்னவென்று நடுவர்களுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. அதன்பிறகு பல இடங்களில் விதிகளில் இதற்கென்று தனி வரி சேர்ந்துவிட்டது. விதியைப் படித்துவிட்டு, எப்படி உருவாக்கினீர்கள் என்பதை உள்ளபடி எழுதிவிடுங்கள்.

பரிசு தனிக் கதை. பல கண்காட்சிகளில் தேர்ந்தெடுக்கிறவர் வேறு, சுவரில் மாட்டியபிறகு வந்து பரிசு தருகிறவர் வேறு. திரையில் தட்டுத்தடுமாறி உள்ளே வந்த படம் சுவரில் முதல் பரிசு வாங்குவது உண்டு, ஏனென்றால் அப்போதுதான் அதன் அளவும் வண்ணத்தின் ஆழமும் தெரிகின்றன. பார்வையாளர் வாக்கில் கிடைக்கும் பரிசு அநேகமாக நடுவர் கண்டுகொள்ளாத படத்துக்கே போகும். குழந்தை முகம் அல்லது நாய்.

இனி உங்கள் மூன்று படங்களைப் பற்றி. மூன்று அனுப்பலாம் என்று விதி இருந்தால் மூன்றும் அனுப்பியாக வேண்டும் என்றில்லை. ஒரே ஆளின் படங்களை நடுவர் வரிசையாகப் பார்க்கும் அமைப்பில், மூன்றில் பலவீனமானது மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும். இந்த ஆளுக்கு எது நன்றாக வந்தது என்று தெரியவில்லையோ என்ற ஐயம் வந்துவிடும். உங்கள் நீர்வண்ணம் போல இன்னொன்று இருந்தால் அந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். கலைஞர் குறிப்பைப் பெரிதாக நினைக்க வேண்டாம், முதல் சுற்றில் அதை அநேகமாக யாரும் படிப்பதில்லை. தலைப்பைப் படிப்பார்கள். 'நம்பிக்கை', 'அமைதி' என்று வைத்தால் படம் சொல்ல வேண்டியதைத் தலைப்பே சொல்லி முடித்துவிடும். இடத்தின் பெயரோ, பொருளின் பெயரோ, நேரமோ போதும்.

உருவப்படத்தை வீட்டில் ஒரு கண்ணாடிக்கு எதிரே வைத்து, கண்ணாடியில் பாருங்கள். பிறகு தலைகீழாகத் திருப்பி வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள். கண் முதலில் எங்கே போகிறது? அங்கேதான் போக வேண்டும் என்று நீங்கள் நினைத்தீர்களா? நடுவர்களும் ஏறத்தாழ இதைத்தான் செய்கிறார்கள். பதில் 'இல்லை' என்றால், படத்தில் எதையாவது கூட்டப் போகாதீர்கள். முடியிலோ சட்டை மடிப்பிலோ பின்னணியிலோ கூர்மையைக் குறைத்துப் பாருங்கள்.

அமைப்பாளருக்கு எழுதிக் கேட்கலாம், ஆனால் 'ஏன் நிராகரித்தீர்கள்' என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலான பதில்தான் வரும். 'கடைசிச் சுற்று வரை வந்ததா' என்று கேளுங்கள். அதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல அவர்களால் முடியும். ஆம் என்றால் படத்தைத் தொட வேண்டாம், வேறு நடுவர் இருக்கும் கண்காட்சிக்கு அப்படியே அனுப்புங்கள். அனுப்புமுன் விதிகளில் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்: கடந்த இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குள் வரைந்த படம் மட்டுமே என்று பல இடங்களில் இருக்கும்.